கல்லைப் போல் தெரியும், மரத்தைப் போல் அறுபடும்: உள்ஷட்டர் பொருத்த ஜன்னல் திண்டை வெட்டும் முறை

எங்கள் வீடு டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறது. வரவேற்பறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் அப்பளம் காய்வதைப் போல் காய வேண்டியதுதான். திரைச்சீலை போட்டோம், போதவில்லை. கடைசியில் ஷட்டர் என்று முடிவானது. ஷட்டர் என்றதும் நம்மூர்க் கடைகளில் மேலே சுருட்டும் இரும்புக் கதவு நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. ஜன்னலுக்கு உள்பக்கமாக ஒரு சட்டம், அதில் கீல் வைத்த இரண்டு கதவுகள், கதவுக்குள் மேலும் கீழும் சாய்க்கக்கூடிய அகலப் பட்டைகள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதற்கு ‘பிளான்டேஷன் ஷட்டர்’ என்று பெயர்.

அளவெடுக்க வந்தவர் டேப்பை இரண்டு முறை நீட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் திண்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதை வெட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். யார் வெட்டுவது, எதைக் கொண்டு வெட்டுவது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. கடப்பா கல்லும் கிரானைட்டும் போட்ட ஜன்னல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் தண்ணீர் ஊற்றிக் கிரைண்டரால் அறுக்கும் கல்வேலைக்காரரைத் தேடத் தொடங்கினேன். அதுதான் முதல் தவறு. திண்டைக் கையால் தட்டிப் பார்த்த என் மனைவி, “என்னங்க, இது கல்லா பிளாஸ்டிக்கா?” என்று கேட்ட பிறகுதான் நானும் தட்டிப் பார்த்தேன். சத்தம் கல்லின் சத்தமாக இல்லை.

இரண்டு ஜன்னல்களை நானே வெட்டினேன். ஒன்று படிப்பறையின் சின்ன ஜன்னல், மற்றொன்று வரவேற்பறையின் பெரிய ஜன்னல். முதலாவதில் செய்த பிழையை இரண்டாவதில் செய்யவில்லை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சொற்களை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஜன்னலின் அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் பலகையைத் திண்டு என்கிறேன். சுவர்முகத்தைத் தாண்டி அறைக்குள் துருத்தும் பகுதி மூக்கு. ஜன்னல் திறப்பின் அகலத்தையும் தாண்டி, இரண்டு பக்கமும் சுவரின் மேல் கொஞ்சம் நீளும் முனைகள் காதுகள். அளவுகளுக்கு நம் ஆசாரிகளின் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்: அங்குலத்துக்கு எட்டு நூல். அமெரிக்க டேப்பிலும் அங்குலத்தை எட்டாகப் பிரித்திருப்பதால் இந்தக் கணக்கு இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

வெட்டத்தான் வேண்டுமா?

வாளைக் கையில் எடுக்குமுன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு வெட்ட வேண்டிய தேவையே இருக்காது என்பது என் எண்ணம்.

ஷட்டர் சட்டத்தை மூன்று பக்கமாக வாங்கலாம்: இடம், வலம், மேல். கீழ்ப்பக்கத்துக்குத் திண்டே சட்டமாகிவிடும். கதவுகளின் அடியில் வெளிச்சம் கசியாமலிருக்கத் திண்டின் மேல் ஒரு மெல்லிய பட்டையை ஒட்டினால் போதும். சுவர்மேல் பரவும் சட்டத்தின் உதடு இரண்டு பக்கமும் கீழே இறங்கி வந்து காதுகளின் மேல் உட்கார வேண்டும். ஆகவே காது உதட்டைவிட அகலமாக இருந்தால் கதை முடிந்தது. திண்டைத் தொடவே வேண்டாம். காது கொஞ்சம் குறுகலாக இருந்தாலும், உதட்டின் அடிமூலையைத் திண்டின் வடிவத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம். மரச்சட்டத்தை வெட்டுவது திண்டை வெட்டுவதைவிட எளிது. தவறினால் சட்டத்தை மாற்றலாம், திண்டை அப்படி மாற்ற முடியாது.

நான்கு பக்கச் சட்டம் எப்போது வேண்டும்? ஜன்னல் அகலமாகவும் கதவுகள் கனமாகவும் இருக்கும்போது. நான்கு மூலையும் பூட்டிய சட்டம் தன் சதுரத்தைத் தானே காத்துக்கொள்ளும், கதவுகள் தொங்காது. எங்கள் பெரிய ஜன்னலின் திறப்பு 58 அங்குலம். அதற்கு ‘இசட்’ வடிவச் சட்டம் சொன்னார்கள். அதன் ஒரு கை திறப்புக்குள் போகும், மற்றொரு கை, அதாவது உதடு, சுவர்முகத்தின் மேல் படியும். கீழ்ப்பக்கத்தில் இந்த உதடு திண்டின் முன்னால் தொங்கிச் சுவரில் படிய வேண்டும். மூக்கு 9 நூல் துருத்திக்கொண்டிருக்கையில் அது எப்படிப் படியும்? மூக்கு போக வேண்டியதுதான்.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மூக்கை அறுத்த வெட்டுமுகம் உதட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கண்ணாடி போல் பளபளப்பாக்கத் தேவையில்லை. வெட்டு சுவரோடு சமமாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு மயிரிழை உள்ளே தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. வெளியே நின்றால் மட்டும் சட்டம் ஊஞ்சலாடும்.

கையில் இருப்பது என்ன பொருள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியையும் தொடாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் நான்கு பொருள்களில் திண்டு செய்கிறார்கள். நான்கும் நான்கு விதமாக அறுபடும்.

‘சாலிட் சர்ஃபேஸ்’ என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும், மீதி அலுமினியம் டிரைஹைட்ரேட் என்னும் தாதுத் தூளும் கலந்து வார்த்த பலகை. அந்தத் தூள் பாக்சைட்டிலிருந்து வருகிறது. டூபான்ட் நிறுவனம் 1967இல் உருவாக்கிய கோரியன் இதில் முன்னோடி. ஹை-மேக்ஸ், ஸ்டாரான் முதலியவை பின்னால் வந்தன. வழக்கமான கனம் அரை அங்குலம். மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம், ஒரே பொருள் என்பதுதான் இதன் சிறப்பு. எங்கே வெட்டினாலும் உள்ளே அதே முகம்தான். கார்பைடு பல் வைத்த மரவேலைக் கருவிகள் இதை ஒரு நல்ல கடினமரத்தைப் போல அறுக்கும்.

‘கல்ச்சர்டு மார்பிள்’ என்பது வேறு. பாலியெஸ்டர் பிசினில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, மேலே மெல்லிய பளபளப்புப் பூச்சு கொடுத்தது. வெட்டினால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும், உள்ளே மங்கலான வேறு முகம் தெரியும், அதை மெருகேற்ற முடியாது. வெட்டு உதட்டுக்குள் மறையும் என்றால் துணிந்து இறங்கலாம். வெளியே தெரியும் என்றால் கைவைக்காதீர்கள். மற்ற இரண்டும், அதாவது உண்மையான மார்பிளும் குவார்ட்ஸும், கல்வேலைக்காரரின் பாடு. குவார்ட்ஸ் என்று இங்கே சொல்வது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் இறுக்கிச் செய்த பலகையை; அதில் பெரும்பங்கு சிலிக்கா. அதன் தூசி நுரையீரலை அரிப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பொருளுக்கே தடை போட்டுவிட்டது. வரவேற்பறையில் வைத்து உலர்வாக அறுக்கும் பொருள் அல்ல அது.

கண்டுபிடிப்பது எப்படி? மூக்கின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், கூர்மையான கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். குவார்ட்ஸில் கத்தி வழுக்கும். சாலிட் சர்ஃபேஸில் கோடு விழும், மாவு போலத் தூள் வரும், கோட்டுக்குள்ளும் அதே நிறம் இருக்கும். கல்ச்சர்டு மார்பிளின் அடிப்பக்கம் மேற்பக்கத்தின் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். மார்பிளா என்ற சந்தேகம் இருந்தால் அதே மறைவிடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், மார்பிளென்றால் நுரைக்கும். கடைசியாக 220 எண் உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். சீரான மங்கல் பரப்பு கிடைத்தால் சாலிட் சர்ஃபேஸ்தான். எங்கள் திண்டு அதுதான்; இனி சொல்வதெல்லாம் அதற்கே.

வைரப் பிளேடு போட்ட கிரைண்டர் ஏன் கூடாது என்றால், அது அறுப்பதில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் சூடு, சூடானால் அக்ரிலிக் இளகும். இளகியது பிளேடில் ஒட்டும், வெட்டுமுகம் கருகும்.

அளவும் கோடும்

1. ஜன்னலில் மாட்டியிருக்கும் பழைய பிளைண்டைக் கழற்றுங்கள். திண்டிலோ ஜன்னல் சட்டத்திலோ திருட்டு எச்சரிக்கைக் கருவியின் சென்சார் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். சிலர் திண்டில் துளை போட்டு வயரை இறக்கியிருப்பார்கள்.

2. திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதில் சின்னதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொள்ளுங்கள். மூக்கை வெட்டுவதால் இந்த அளவுகள் எதுவும் மாறாது, ஏனென்றால் திண்டின் மேற்பரப்பை நாம் தொடுவதில்லை. ஆழத்தையும் பாருங்கள். மூன்றரை அங்குலப் பட்டை சாயும்போது நடுவிலிருந்து பின்பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம் போகும். அது ஜன்னலின் தாழ்ப்பாளிலோ திருகு கைப்பிடியிலோ இடிக்கக் கூடாது.

3. மூக்கின் கீழே பாருங்கள். பல வீடுகளில் அரை அங்குலப் பலகையின் முன்விளிம்புக்கு அடியில் இன்னொரு பட்டையை ஒட்டி ஓர் அங்குலமாகக் காட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மேலே இருந்து பார்த்து அரை அங்குலம் என்று நினைத்துப் பிட் (கருவியில் மாட்டும் சுழலும் வெட்டுமுனை) வாங்கினால் பாதியில் நின்றுவிடும். திண்டுக்கு அடியில் அலங்கார மரப்பட்டை ஆணியடித்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும், உதடு படிய அந்த இடம் வேண்டும்.

4. ரசமட்டத்தைத் திண்டின் மேல் வைத்துப் பாருங்கள். சரிவு ஒரு நூலுக்குள் என்றால் சட்டத்துக்கு அடியில் சக்கை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

5. இப்போது கோடு. சுவர்முகத்தைத் திண்டின் மேல் கோடாக இறக்க வேண்டும். திறப்பைவிட நீளமான ஒரு நேரான பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். என் 58 அங்குலத் திறப்புக்கு ஆறடிப் பலகை. அதைத் திண்டின் மேல் படுக்க வைத்து, இரண்டு முனைகளும் திறப்பின் இரண்டு பக்கச் சுவர்களையும் தொடும்படி அழுத்திப் பிடியுங்கள். பலகையின் சுவர்ப்பக்க விளிம்பு எதுவோ அதுதான் சுவர்முகம். திண்டின் மேல் முன்கூட்டியே மறைப்பு நாடா ஒட்டி, அந்த நாடாவின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், அதன் மை கறை விடலாம். நாடாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெட்டின் மேல்விளிம்பு சிலும்பாமல் அது பிடித்துக்கொள்ளும்.

பலகையை வைத்தவுடன் ஒன்று தெரியவரும்: ஜிப்சம் சுவர் எங்குமே நேராக இருப்பதில்லை. மூலைகளில் பட்டி ஏறித் தடித்திருக்கும். பலகையை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்து, சட்டம் உண்மையில் எங்கே படியுமோ அந்தத் தளத்துக்கு ஏற்பக் கோட்டைத் தீர்மானியுங்கள். இதற்கு நான் கால் மணி நேரம் செலவழித்தேன். அறுப்பதற்கு ஆனதைவிட அது பயனுள்ள கால் மணி நேரம்.

கருவியும் தூசியும்

முக்கியக் கருவி கைக்கடக்கமான டிரிம்மர், அதாவது சுழலும் பிட்டால் பள்ளம் வெட்டிக்கொண்டே போகும் சின்ன ரூட்டர். அதில் 3 நூல் விட்டமுள்ள நேர் கார்பைடு பிட், வெட்டும் நீளம் மூக்கின் முழுக் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. இரண்டாவது கருவி அதிர்வு மல்டிடூல், அதாவது சின்ன பிளேடை வேகமாக அதிரவைத்து அறுக்கும் கைக்கருவி. அதற்குக் கார்பைடு பிளேடு இரண்டு வாங்குங்கள். ஒன்று மழுங்குவது நிச்சயம். இவை தவிர இரட்டைப் பக்க ஒட்டுநாடா, வழிகாட்டியாக ஒரு நேரான மரப்பட்டை, அகலமான பட்டித் தகடு, காகிதக் கத்தி, உப்புத்தாள், மரக்கட்டை ஒன்று.

வட்டரம்பம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதன் அடித்தட்டு திறப்பின் பக்கச் சுவரில் முட்டி, இரண்டு முனைகளிலும் நீளமாக வெட்டாமல் விட்டுவிடும். டிரிம்மரிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் அடித்தட்டு மூன்றரை அங்குலம்தான் என்பதால் முனைக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரை போய்விடும். மீதியை மல்டிடூல் முடிக்கும்.

தூசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசி மாவு ஆலையில் நிற்பதைப் போல் இருக்கும். குவார்ட்ஸைப் போலச் சிலிக்கா நிறைந்தது அல்ல என்பதற்காக அலட்சியம் வேண்டாம். நுண்தூள் எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குச் சுமைதான். என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். டிரிம்மரோடு தூசி உறிஞ்சியை இணையுங்கள், அதில் நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால் நல்லது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் எல்லா அறைகளுக்கும் ஒரே குளிர்சாதனக் குழாய் என்பதால், வேலை முடியும் வரை அதை நிறுத்தி, அந்த அறையின் காற்றுத் துளைகளைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்துவிடுங்கள். படிப்பறை ஜன்னலை வெட்டியபோது நான் இதைச் செய்யவில்லை. மறுநாள் மாடியில் துவைத்து மடித்த துணிமேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அது பற்றி வீட்டில் நடந்த உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை.

வீடு 1978க்கு முன் கட்டியது என்றால் சுவர்ப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்த ஆண்டுதான் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்க அரசு தடை செய்தது. சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறுப்பு

முதலில் பிடிமானங்களை விடுவிக்க வேண்டும். காதுகள் சுவரில் சிலிக்கானாலோ பெயின்ட் பசையாலோ ஒட்டியிருக்கும். காகிதக் கத்தியால் காதின் பின்பக்கமும் மூக்கின் அடியும் சுவரைத் தொடும் கோட்டை முழுவதும் கீறுங்கள். கீறாமல் இழுத்தால் ஜிப்சம் சுவரின் காகிதத்தோல் ஒரு சாண் உரிந்து வரும். கண்ணாடிக்கு முன்னால் ஓர் அட்டையை நிறுத்தி வையுங்கள்.

அடுத்து வழிகாட்டிப் பட்டை. பிட்டின் ஜன்னல் பக்க விளிம்பிலிருந்து டிரிம்மர் அடித்தட்டின் அதே பக்க விளிம்பு வரை எவ்வளவு தூரம் என்று ஒரு மரத்துண்டில் வெட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள், காகிதக் கணக்கை நம்பாதீர்கள். அந்த அளவுக்கு, கோட்டிலிருந்து ஜன்னல் பக்கமாகப் பட்டையை இரட்டை நாடாவால் திண்டின் மேல் ஒட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டாமல் அரை நூல் வெளியே வெட்டும்படி வையுங்கள். பிட் சுவரின் பெயின்டை உரசாமலிருக்கவும், பிறகு தேய்த்துச் சமப்படுத்தவும் அந்த அரை நூல் வேண்டும்.

ஜன்னலைப் பார்த்து நிற்கிறீர்கள், பட்டை டிரிம்மருக்கு அப்பால் இருக்கிறது. இந்த நிலையில் டிரிம்மரை இடமிருந்து வலமாகத்தான் தள்ள வேண்டும். அப்போது பிட் சுழலும் விசையே டிரிம்மரைப் பட்டையோடு அணைத்துக்கொள்ளும். வலமிருந்து இடமாகப் போனால் அது பட்டையை விட்டு உங்கள் வயிற்றை நோக்கி விலகி வரும். கோடு பாம்பாகும்.

ஒரே இழுப்பில் முழு ஆழமும் போகாதீர்கள். இரண்டு நூல், இரண்டு நூலாக நான்கைந்து முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் தூளை உறிஞ்சி எடுங்கள். பள்ளத்தில் தூள் நிறைந்திருந்தால் பிட் சூடேறும். வேகம் முக்கியம். நின்று நின்று போனால் கருகும், விரட்டினால் அதிரும். சரியான வேகத்தில் தூள் உலர்ந்து பொலபொலவென்று வரும். தித்திப்பான பிளாஸ்டிக் வாடை தூக்கலாக அடித்தாலோ, தூள் பிசுபிசுத்தாலோ பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது இழுப்பில் சத்தம் சற்றே மாறும். மேற்பலகையும் அடிப்பட்டையும் ஒட்டிய இடத்தைப் பிட் கடக்கிறது. அங்கே பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

நடுப்பகுதி முழுவதும் அறுந்த பிறகும் மூக்கு விழாது. இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு அங்குலம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். நான் பிழை செய்தது இங்கேதான். படிப்பறை ஜன்னலில் ஆள் துணை இல்லாமல் மல்டிடூலால் ஒரு முனையை அறுத்து முடித்தேன். மறுமுனையில் ஒரு நூல் மிச்சமிருக்கும்போது மூக்கு தன் கனத்தால் தொங்கி, ‘டக்’ என்று முறிந்தது. முறிந்த துண்டு போகும்போது திண்டின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சட்டத்தின் உதடு அதை மறைத்துவிட்டதால் தப்பினேன்.

பெரிய ஜன்னலில் என் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். மூக்கையும் திண்டையும் சேர்த்து, வெட்டுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் அகல நாடாவை இறுக ஒட்டினேன். மகன் இரண்டு உள்ளங்கைகளையும் மூக்குக்கு அடியில் ஏந்திக்கொண்டான். “மேலே தூக்காதே, கீழேயும் விடாதே, சும்மா ஏந்து” என்று சொல்லி வைத்தேன். சுவருக்கும் பிளேடுக்கும் நடுவில் பட்டித் தகட்டைக் காப்பாகச் செருகி, மல்டிடூலின் பிளேடைக் கோட்டில் செங்குத்தாக இறக்கினேன். ஒரே இடத்தில் அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் இதுவும் கருகும். இரண்டு முனைகளும் அறுந்ததும் காதுகளோடு சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள நீளத்துண்டு பத்திரமாக அவன் கைக்கு வந்தது.

மிச்சம் அந்த அரை நூல். மரக்கட்டையில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றி, சுவரின் பெயின்டுக்கு மேல் நாடா ஒட்டிவிட்டு, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பலகையை அடிக்கடி வைத்துப் பார்த்து, எங்கே ஆடுகிறதோ அங்கே மட்டும் தேய்த்தால் போதும்.

காதுகளை மட்டும் வெட்டுவதென்றால்

சிலருக்கு மூக்கு அப்படியே இருக்கும், பக்கச் சட்டம் கீழே இறங்கக் காதுகள் மட்டும் இடிக்கும். வெட்டு சின்னதுதான், மல்டிடூலே போதும். ஆனால் வெட்டுமுகம் காலமெல்லாம் கண்ணில் படும், அதனால் மெருகு முக்கியம். 120, 180, 220 என்று படிப்படியாக உப்புத்தாள் போட்டு, ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கோடுகள் மறையும் வரை தேய்த்து, கடைசியில் பாத்திரம் துலக்கும் நைலான் நாரால் ஈரமாக வட்டமாகத் தேய்த்தால் பழைய மங்கல் பளபளப்போடு கலந்துவிடும். வெளிர்நிறம் எளிதில் மன்னிக்கும். கருநிறத் திண்டில் ஒவ்வொரு கீறலும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். விளிம்பைக் கூர்மையாக விடாமல் அரை நூலாவது உருட்டிவிடுங்கள்.

காதில் ‘எல்’ வடிவமாகக் கவ்வு வெட்ட வேண்டியிருந்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: உள்மூலையைச் சதுரமாக வெட்டக் கூடாது. வெயிலில் திண்டு நீளும், இரவில் சுருங்கும். 58 அங்குல நீளம் 25 டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நூல் அசையும். அந்த இழுவை முழுவதும் சதுர மூலையின் ஒரே புள்ளியில் போய் உட்கார்ந்து, என்றோ ஒரு நாள் அங்கிருந்து விரிசல் கிளம்பும். முதலில் மூலையில் அரை அங்குலத் துளைபிட்டால் ஒரு துளை போட்டு, பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி வெட்டினால் கால் அங்குல ஆரத்தில் வளைவு தானாகக் கிடைக்கும்.

திண்டில் திருகாணி போடும் எண்ணம் இருந்தால் அதற்கும் இதே காரணம்தான். துளை ஆணியைவிட ஒரு நூலாவது பெரிதாக இருக்கட்டும், ஆணியை இறுக்கித் திருகாதீர்கள். வெளிச்சத்தடுப்புப் பட்டை போன்ற இலேசான பொருளுக்கு ஆணியே வேண்டாம், சிலிக்கான் பிடித்துக்கொள்ளும்.

சுவரும் சட்டமும்

மூக்கு போன இடத்தில் சுவர் அம்மணமாக நிற்கும்: சிலிக்கான் கறை, பெயின்ட் இல்லாத பட்டை, காது இருந்த இடத்தில் உரிந்த காகிதம். சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும், அதன் மேல் எந்தப் பட்டியும் ஒட்டாது. இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் உலரவிட்டு, தேய்த்து, பெயின்ட். உதடு எவ்வளவு தூரம் மறைக்கும் என்று கடைக்காரர் கொடுத்த சட்டத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் பாருங்கள். அதற்கு அப்பால் தெரியும் இடத்தை மட்டும் அழகாக்கினால் போதும்.

திண்டுக்கும் சுவருக்கும் நடுவே அடியில் பொந்து இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சில இடங்களில் திண்டை நான்கைந்து சிலிக்கான் உருண்டைகளின் மேல் மட்டும் உட்கார வைத்திருப்பார்கள், முன்விளிம்பு அந்தரத்தில் நிற்கும். மூக்கை அறுத்தபின் அந்த இடைவெளி கண்ணில் படும். சக்கை செருகிச் சிலிக்கான் வைத்துவிட்டால் சட்டத்தின் கனத்தைத் திண்டு தாங்கும். முழுக்க நிரப்பிப் பூட்டிவிட வேண்டாம், அசைய இடம் வேண்டும்.

சட்டம் வந்ததும் ஆணி அடிக்காமல் வெறுமனே பொருத்திப் பாருங்கள். கீழுதட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பாருங்கள். கார்டு எங்கே தளர்வாக ஓடுகிறதோ அதற்குப் பக்கத்தில் எங்கேயோ திண்டு இன்னும் வெளியே நிற்கிறது. எனக்கு இடது மூலையில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓடியது. சட்டத்தை எடுத்துவிட்டு நாற்பது இழுப்பு உப்புத்தாள், மறுபடி சட்டம், மறுபடி கார்டு. மூன்றாவது முறை கார்டு நுழையவில்லை. அப்போதுதான் பக்கச் சட்டங்களில் திருகாணியை இறக்கினேன்.

அறுத்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள். அதன் அடியில் இந்தப் பலகையின் பெயரோ நிற எண்ணோ அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். என்றாவது திண்டில் சில்லு பெயர்ந்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போட அதைவிட நல்ல பொருள் கடையில் கிடைக்காது. எங்களுடையது கார் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. அதில் ஒரு சாண் நீளத்தைப் படிப்பறை மூலைக்கென்று ஏற்கெனவே வெட்டி எடுத்தாகிவிட்டது.